சார்ஜ் கொட்டகையில் புகை வந்தால்

‘கீ… கீ… கீ…’

வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால், ரிவர்ஸ் வருகிறேன் என்று அது கத்துவதுதான் காதில் விழும். பேட்டரி வண்டிகளுக்கு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றும் என் தொழிலில், கரண்டைவிட வண்டிக்காரர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. பொழுது சாய வண்டிகள் வரும், விடியக் கிளம்பும். நடுவில் எனக்குத் துணை சார்ஜர் விசிறிகளின் சத்தம்தான். பழைய சார்ஜர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை. எந்த வேலையிலும் நிலைக்காத நான் இதில் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டேன். வீட்டில் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, அதனாலோ என்னவோ.

ஊதுபத்தி

இடம் நல்லதம்பி அண்ணனுடையது. ரிஷிவந்தியம் பக்கம் கழனி வைத்திருக்கும் விவசாயி. எங்கோ பேட்டரி வண்டி எரியும் வீடியோவைப் போனில் பார்த்ததிலிருந்து, தினம் சாயங்காலம் வந்து வண்டி வண்டியாகக் குனிந்து மோந்து பார்ப்பார். ஒருநாள் நான் பற்றவைத்த ஊதுபத்திக்கே வாளித் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டார். நானும் சாமி படமும் சொட்டச் சொட்ட நின்றோம். அப்போதும் அவருக்குக் கோபம் ஆறவில்லை.

“தோ பாரு, இன்னொரு வாட்டி புகைன்னு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அன்னைக்கே உன் சாமானெல்லாம் ரோட்டுல கெடக்கும்.”

கம்பளி

வெள்ளிமலைக்கார ஏழுமலை, மலையிலிருந்து சாமை மூட்டையோடு பேட்டரி ஸ்கூட்டரில் இறங்கி வருகிற ஆள். ஒருநாள் பஸ்ஸில் வந்தார். தோளில் கம்பளி மூட்டை. பிள்ளையைக் கிடத்துவது போல மெல்ல இறக்கிக் கம்பளியை விலக்கினார். உள்ளே ஸ்கூட்டர் பேட்டரி! ஒரு பக்கம் கருகி, பூரி மாதிரி உப்பியிருந்தது. மலைப் பனியில் விறைத்துப்போகும் என்று ராத்திரியெல்லாம் கதகதப்பாக வைத்திருந்தாராம்.

உப்பிய பேட்டரி எந்த நிமிஷமும் பற்றிக்கொள்ளும். இடக்காரர் பார்ப்பதற்குள் அதைக் கொல்லைப்பக்க மணலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். “யோவ், பசங்க தூங்குற வூட்லயா வெச்சிருந்த?”

“பசங்க நடுவுலதான் போட்டேன். தூக்கத்துல ஒதைக்கிறாங்கன்னு அப்புறம் அடுப்பாண்ட மாத்திட்டேன்.”

சந்தனம்

மல்லிகா பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறாள். நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்களை விடியலில் ரிஷிவந்தியம் பக்கம் கொண்டுபோய் விடுவாள். ஆயுதபூஜையன்று சாயங்காலம் ஆட்டோ வாழைக்கன்றும் மாலையுமாக வந்து நின்றது. ஒயரைச் சொருகினேன். ‘சட்!’ குபுக்கென்று புகை. அதுவும் கோயில் வாசனையோடு!

மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால், சார்ஜ் ஏறும் துளைகளுக்குள் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தேன்.

“அது சோறு துன்ற வாயாச்சே அண்ணா, அங்க பொட்டு வெக்காம வேற எங்க வெக்கிறது?”

நாற்று

திரும்பினால் வாளியோடு நல்லதம்பி அண்ணன். ஊற்றவிடாமல் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

“காலி பண்ணு. விடியறதுக்குள்ள எடம் காலியாவணும்!”

வாதாடத் தெம்பில்லை. ஒயர்களைச் சுருட்டக் குனிந்தேன். இந்த வயதில் இன்னொரு தொழிலை எங்கே போய்த் தேடுவது? மல்லிகாதான் பேசினாள். “காலி பண்ணட்டும்ண்ணே. சார்ஜ் இல்லன்னா என் வண்டி வராது. நாளைக்கு உங்க கழனி நடவுக்கு ஆளும் வராது. பறிச்சுப் போட்ட நாத்தை மாட்டுக்குப் போட்டுடுங்க.”

நல்லதம்பி அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். “என் நடவுக்கு ஆளு வர்றது… இந்த வண்டியிலயா? மேஸ்திரி வேன்ல இட்டாறேன்னு சொன்னானே!”

“வேன்காரன் எப்பவோ கம்பி நீட்டிட்டான்.”

அவர் ஆட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாளி மெதுவாகத் தரையில் இறங்கியது.

“அந்த ஓட்டைய நல்லா தொடைய்யா, ஈரம் கீரம் இருக்கப்போவுது. விடியக்கால வண்டி கெளம்பணும், ஆமா!”

என் கொட்டகை அன்று பிழைத்தது என் தொழில் சுத்தத்தால் அல்ல, பறித்த நாற்று வாடிவிடுமே என்ற பயத்தால்தான் என்று எண்ணிக்கொண்டே, பழைய பல் பிரஷ்ஷை எடுத்து வந்து சந்தனத்தைச் சுரண்ட உட்கார்ந்தேன்.