சுவரில் முதுகு சாய்த்த பியானோ

மனைவி போனபிறகு மதராஸில் பியானோக் கடையில் பழுது பார்த்துச் சுருதி சேர்க்கும் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தேன். அறுபதுகளின் நடுவில் என்று நினைவு. பனியன் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர் வேலை, கம்பெனிக்குப் பின்னாலேயே ஓர் அறை. பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது.

சுவருக்கு அந்தப்புறம் சர்ச் ஹால். அங்கே பழைய பியானோ ஒன்று இருந்தது. பாட்டுக்குழுவை நடத்திய வாலிபருக்கு ரேடியோவில் வரும் புதுமாதிரி இசையென்றால் பைத்தியம். பியானோவை வாசிக்கமாட்டார், துவைப்பார். அடிக்கடி கம்பி அறுந்தது.

"ஏனுங்கண்ணா, மறுபடியும் போச்சுங்க" என்று வந்து நிற்பார்.

"அது பியானோ தம்பி, உரல் இல்லே."

திட்டிக்கொண்டேதான் போவேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வராவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கம்பி மாற்றிச் சுருதி சேர்த்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவார். டீ வாங்கி வருவார்.

கம்பியைத் தட்டும் சின்னச் சுத்திகளின் தலையில் இருந்த கம்பளி, அடிபட்டு அடிபட்டுக் கல்லாகியிருந்தது. தையல் மெஷின் ஊசியால் குத்திக் குத்தி அதை மெத்தென்று ஆக்கினேன். கம்பி பிழைக்கும் என்று நினைப்பு. அடுத்த வாரமே இரண்டு கம்பி போயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏன் தம்பி இப்படிப் போட்டு அடிக்கறீங்க?"

"நீங்க ஊசி போட்டதுல சத்தம் இன்னும் கொறஞ்சுபோச்சுங்கண்ணா. உங்க கம்பெனி மிசின் இரைச்சல்ல பாடறவங்களுக்கு ஒண்ணுமே கேக்கலீங்க!"

அப்போதுதான் கவனித்தேன். சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் அதிலேயே கிடக்கிறவனுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

பியானோவின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்த வகைப் பியானோவுக்குச் சத்தம் முதுகு வழியாகத்தான் அதிகம் வரும். இருவருமாகத் தள்ளி, முதுகைப் பாடுகிறவர்கள் பக்கம் திருப்பினோம். தம்பி லேசாகத் தொட்டதுமே ஹால் நிறைந்தது. "அடேங்கப்பா!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கம்பி அறுபடவில்லை. அவர் வரவுமில்லை. ஒருநாள் தெருவில் பார்த்தபோது, "இப்ப ஒரு கொறையும் இல்லீங்கண்ணா. உங்களுக்கு வீண் அலைச்சல் மிச்சமுங்க" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. நல்லது தம்பி என்றேன். வேலை இல்லாமல் போய் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. அறைக்குத் திரும்பவும் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கரண்ட் போய் மெஷினெல்லாம் நின்றது. சுவருக்கு அந்தப்புறம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பியானோவில் எங்கேயாவது ஒரு சுருதி பிசகாதா என்று சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.