டிக்கெட் வரிசையில் என்னை நிற்க வைத்த அம்மன்

போன வருடம் ஆனி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் சமைத்தேன், துவைத்தேன். நான்காம் நாள் கெண்டைக்கால் இரண்டிலும் கத்தி இறங்கியது போல வலி. கண் சிவந்து, பிறகு மஞ்சளானது. சிறுநீர் போவது நின்றுவிட்டது. எலிக் காய்ச்சல் என்றார்கள். எங்கள் தீவில் மழைக்காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். வாசலில் தேங்கிய தண்ணீரை வெறுங்காலோடு நின்று தள்ளிவிட்டிருந்தேன். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் உள்ளே நுழையக் குதிகாலில் வெடிப்பு இருந்தது. அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதில் ஐந்து நாள் எனக்கு நினைவிலேயே இல்லை. பிழைத்து வந்தது அம்மன் செய்த முதல் உதவி. அதை நான் அப்போது உதவி என்று நினைக்கவில்லை.

என் பெயர் பார்வதி. ஹேடோ குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கப்பல் துறையில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள் கயல், ஒன்பதாம் வகுப்பு. நான் படுத்ததும் வீட்டைப் பார்த்துக்கொள்ள, தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து அவருடைய அக்கா கலாவதி கப்பலேறி வந்தாள். நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன். வந்த புதிதில் நன்றியோடுதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது டாக்டர், கிட்னி தேறிவிட்டது, ஆனால் அசதி மாதக்கணக்கில் இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும் செய்து பழகுங்கள் என்றார். நான் ஒரு வேலையும் செய்யவில்லை. செய்யத் தோன்றவில்லை. உடம்பு கொஞ்சம் தேறியும் மனசு எழும்பவில்லை. காலையில் கண் விழித்தால் இன்னொரு பகல் வந்துவிட்டதே என்று அழுகை வரும். பல் துலக்கக்கூட யாராவது சொல்ல வேண்டும். தலை வாரி எத்தனை நாள் ஆனது என்று கயல்தான் ஒரு நாள் சொன்னாள். என் சமையலறையில் வேறொருத்தி பாத்திரம் உருட்டும் சத்தத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டுக் கிடந்தேன்.

மதினி என் அலமாரி முழுவதையும் மாற்றியிருந்தாள். நான் அரைத்து வைத்திருந்த மல்லிப் பொடி வண்டு வைத்துவிட்டது என்று கொட்டப்பட்டது. டப்பாக்கள் இடம் மாறின. அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கு, எண்ணெய்ப் பிசுக்கு என்று பரண்மேல் போனது. கயலை டியூஷனிலிருந்து நிறுத்திச் சப்பாத்தி போட வைத்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், நான் காது கேட்கும் தூரத்தில் படுத்திருக்கும்போதே, "இவ இனி எழும்ப மாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மைதானே என்று நினைத்தேன்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கயல் மாடி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்து அக்காவும் தம்பியும் சமையலறையில் பேசினார்கள். குவார்ட்டர்ஸ் சுவர் எவ்வளவு கனம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

"தம்பி, வீட்டுக்கு ஒரு பொம்பள வேணும்ல. எங்க பக்கத்துல விமலான்னு ஒருத்தி இருக்கா. புருஷன் இல்லாதவ, கைவேலை சுத்தம். தீபாவளிக்குக் கூட்டிட்டு வர்றேன். ஒத்தாசைக்குன்னு வந்த மாதிரி இருக்கட்டும். மத்தது பிறகு."

தட்டைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பதினேழு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவள் நான்.

"பாக்கலாம்க்கா" என்றார்.

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயை மூடு என்று சொல்லவில்லை. பாக்கலாம்.

எனக்கு உடம்பெல்லாம் சூடானது. காய்ச்சல் திரும்பிவிட்டது என்றே நினைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது. படுத்தபடியே சுவரில் இருந்த அம்மனைப் பார்த்தேன். நான் கேட்டதை மறைக்காமல் சொல்கிறேன். சாட்சி சொல்ல வந்துவிட்டுப் பாதியை விழுங்கினால் அது அவளுக்கே பொறுக்காது.

"அம்மா, இவளை இந்தக் கட்டிலில் போடு. இதே காய்ச்சல், இதே வலி, இதே மஞ்சள் கண். என்னை எழுப்பி இவள் முன்னால் நிறுத்து. என் கையாலேயே இவளை இந்த வீட்டை விட்டு அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு முன்னால்." இதைத்தான் கேட்டேன். உலகம் நலமாயிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

மறுநாள் கயலை விட்டுப் பரணிலிருந்து விளக்கை இறக்கினேன். அதைத் துலக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. மழை ஈரத்தில் தீக்குச்சி நமத்துப் போயிருந்தது. நான்காவது குச்சி பற்றியது. திரியைத் தூண்டிவிட்டு அப்படியே தரையில் படுத்துவிட்டேன். அன்றைய வேலை முடிந்தது. மதினி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "எதுக்கு இந்த வேஷம்" என்று சொல்லிப் போனாள். அந்த வார்த்தைக்கு நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன். மறுநாள் அவள் எழும்பும் முன்னால் எழுந்து டீ போட்டேன்.

எங்கள் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிந்ததும் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும். அதற்குள் இரண்டு டிரம்மை நிரப்ப வேண்டும். நோய்க்கு முன்னால் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் தூக்கியவள். இப்போது செம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். முதல் நாள் கால் டிரம். பத்துச் செம்புக்கு ஒரு தடவை படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். உட்கார்ந்த நேரத்திலெல்லாம் அவள் முகத்தை நினைத்துக்கொண்டேன். எழுந்துவிட முடிந்தது.

அலமாரியில் தினம் ஒரு டப்பாவை அதன் பழைய இடத்துக்கு மாற்றினேன். அவள் மதியத்துக்குள் திருப்பி வைப்பாள். நான் மறுநாள் மறுபடி மாற்றுவேன். உப்பு டப்பா மட்டும் ஆறு தடவை இடம் மாறியது. ஏழாவது நாள் அவள் விட்டுவிட்டாள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். டாக்டர் கொடுத்த டானிக்கில் வராத பசி அது.

புரட்டாசி பிறந்தபோது ஒரு வேளைச் சமையல் என் கைக்கு வந்திருந்தது. கயலைத் திரும்ப டியூஷனுக்கு அனுப்பினேன். மதினி என்னிடம் பேசுவதைக் குறைத்தாள். நானோ அவளிடம் தேன் போலப் பேசினேன். நீங்க உட்காருங்க, நீங்க விருந்தாளி, நீங்க ஏன் கஷ்டப்படணும் என்று சொல்லிச் சொல்லி அவள் கையிலிருந்து கரண்டி, துடைப்பம், பீரோச் சாவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒரு வீட்டில் விருந்தாளி ஆக்கப்பட்டவளுக்கு அதிகாரம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் வாய் திறந்து எப்படிச் சொல்வாள்?

இருந்தாலும் அவள் கிளம்பவில்லை. தீபாவளி வரை இருப்பேன், விமலாவை அடுத்த கப்பலில் வரச் சொல்லப் போகிறேன் என்று யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் ஹட் பே கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் நாள் வந்தது. மதினியின் பையிலிருந்து அடையாள அட்டை நகலைக் கேட்காமலே எடுத்தேன். தப்புதான். அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். ஆட்டோவில் போய் இறங்கினால் கவுன்ட்டரிலிருந்து ரோடு வரை வரிசை. துர்கா பூஜைக்கு ஊருக்குப் போகிறவர்கள். நான் அதுவரை தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை.

அரை மணி நேரத்தில் முட்டி ஆட ஆரம்பித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. முன்னால் நின்ற வங்காளி அம்மா திரும்பிப் பார்த்துப் பயந்துபோய், "தீதி, பைட் ஜாவோ" என்று ஓரத்துத் திண்டைக் காட்டினாள். உட்காரச் சொல்கிறாள். நல்ல மனசு. உட்கார்ந்தால் நான் எழும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, இது ஒன்றைக் கொடு, வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். பிறகு என்ன நடந்தது என்று என்னால் விளக்க முடியாது. வலி போகவில்லை. நடுக்கம் போகவில்லை. ஆனால் யாரோ என் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தி வைத்தது போல இருந்தது. பயமாகக்கூட இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றேன். என் பின்னால் ஏழு பேர் இருக்கும்போது டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று ஷட்டரை இறக்கினார்கள். என் கையில் டிக்கெட் இருந்தது.

மறுநாள் காலை காபியோடு அதைக் கொடுத்தேன். வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"வியாழக்கிழமை கப்பல் மதினி. நானே நின்னு வாங்குனேன். ஜன்னல் பக்கம் கேட்டேன், கிடைக்கல."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பி பேப்பரைப் பார்த்தார்.

"எனக்காக நீ எதுக்கு அலையுற" என்றாள்.

"விமலாவையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றேன்.

அவள் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்யவும் இல்லை.

வியாழக்கிழமை நானே கப்பலேறும் ஜெட்டிக்குப் போய், கப்பல் கிளம்பி வளைவில் மறைகிற வரை நின்றேன். திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர், அக்காவுக்கு மனசு கஷ்டமாயிருக்கும் என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் நடப்பதை நிறுத்தினேன்.

"பாக்கலாம்னு சொன்னீங்கல்ல. இப்ப நல்லாப் பாருங்க."

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். இத்தனை நாளும் எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். அழுதார். என் கை அவர் முதுகைத் தடவப் போனது. மடக்கிக்கொண்டேன்.

இப்போது தண்ணீர் வரும் நாளில் அவர்தான் விடியுமுன் எழுந்து டிரம் நிரப்புகிறார். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். இன்னும் கேட்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். கயல் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். நான் ஐந்து மணிக்கு எழுகிறேன், விளக்கேற்றுகிறேன், உலை வைக்கிறேன், மதியம் அரை மணி படுக்கிறேன். அசதி வரும் நாள் வருகிறது. அன்று ஒரே ஒரு வேலை செய்கிறேன். ஆனால் செய்கிறேன்.

மதினிக்குக் காய்ச்சல் வரவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். அம்மன் நான் கேட்ட இரண்டில் ஒன்றைத் தந்தாள், ஒன்றைத் தரவில்லை. தராதது அவள் கருணை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதையும் வெள்ளிக்கிழமை தோறும் அவளிடம் சொல்கிறேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

நம் கோவில் மலருக்கு இதை எழுதிக் கொடுத்தபோது, கடைசியில் மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். நடக்காததை எழுதி அவள் சந்நிதியில் எப்படி வைப்பது? என் உள்ளத்தில் இருந்த விஷத்தைப் பார்த்தும் அவள் முகம் திருப்பவில்லை, அதையே பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினாள் என்பதுதான் என் அனுபவம்.

நோயில் படுத்திருக்கும் சகோதரி யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். மனசு சுத்தமான பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். அழுகை இருந்தால் அழுகையோடு வாருங்கள், ஆத்திரம் இருந்தால் ஆத்திரத்தோடு வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டு விளக்கை மட்டும் துலக்கி வைத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு அந்த ஒரு வேலை போதும்.