ஓட்டுநர் அக்காவின் இடது முழங்கால்

"என்னடி மகாராணி, இன்னிக்கு என்ன கோபம்?" என்று இடது முழங்காலைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுநர் அக்கா பேருந்தைக் கிளப்புவார். புதிதாக ஏறிய பெண்கள், தங்களைத்தான் கேட்கிறாரோ என்று திருதிருவென விழிப்பார்கள். கண்டுகொள்ள மாட்டார். ஹாரனைக்கூட யாரையோ செல்லமாகக் கூப்பிடுவதுபோல் அடிப்பவர் அவர்.

அந்தக் கால் வீங்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் இந்தப் பேச்சு. கிளட்சை மிதித்து மிதித்து வந்ததென்றார் பணிமனை மெக்கானிக். உடம்பு போட்டுவிட்டதென்றார் நாத்தனார். மூட்டுவாதம் என்று மாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டர். வீக்கம் வடியும், அக்கா நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மேம்பாலம் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். பணிமனை மேலாளரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. "தெரிஞ்சா டிக்கெட் கவுண்டர்ல உக்கார வெச்சுடுவாங்க. கூண்டுக்கிளி மாதிரி நான் இருக்கவா?"

கடைசியில் எலும்பு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் ஊசி போட்டு நீரை உறிஞ்சினார். துரு கலந்த தண்ணீர்போலப் பழுப்பாக வந்தது. டாக்டரின் முகம் மாறியதை அக்கா கவனித்தார். ஸ்கேன் எடுத்தார்கள், சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் படத்தைக் கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர் வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஆராய்ந்தார்.

"உங்களுக்கு என்ன புரியுது?"

"ஒண்ணும் புரியல. பாக்காம எப்படிம்மா இருக்கறது?"

அக்கா அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிட்டது.

சோதனை முடிவு வந்ததும் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். "புத்துநோய் இல்லம்மா. மூட்டுக்கு உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அது தாறுமாறா தடிச்சு வளந்து, உள்ளயே ரத்தம் கசியுது. ரொம்ப அபூர்வம். ஆனா அப்படியே விட்டா எலும்பை அரிச்சிடும்."

"இவ்ளோ கூட்டத்துல என் மேலதான் வந்து இடிக்கணுமா?" என்றார் அக்கா. நோயின் பெயரை டாக்டர் எழுதிக் காட்டியபோது, "இதைப் பலகையில எழுதினா பஸ்ஸை விட நீளமா வருமே" என்றார்.

முன்பக்கம் சிறு துளைகள் வழியாகவும், பின்பக்கம் கீறியும், தடித்த சவ்வை அகற்றினார்கள். பிறகுதான் உண்மையான பாடு. காலை மடக்கவைக்கும் பயிற்சியாளரை, "நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மடக்கினார். கணவர் ஐஸ் பையோடு பின்னாலேயே அலைந்தார். மாதங்கள் போய், மேலாளரே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவைத்துப் பார்த்தார். மேம்பாலத்தில் அக்கா பல்லைக் கடிக்காமல் ஏறி இறங்கினார். இறங்கியதும், "நாளைக்குக் காலை வண்டியை எடுங்க" என்றார்.

திரும்ப வளர வாய்ப்பு உண்டாம். அதனால் அவ்வப்போது ஸ்கேனுக்குப் போகிறார். போன முறை காத்திருப்பு அறையில் எதிரே ஒரு கல்லூரிப் பெண். வீங்கிய முழங்காலை நீட்டியபடி செல்போனில் மூழ்கியிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த நீளமான பெயர் அவர் மடியில் கிடந்தது.

அக்கா எழுந்து போய் அவரருகே உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்களைப் பொருட்படுத்தாமல் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் முட்டியின் மேல் வைத்து, காலை மெல்ல மடக்கி, மெல்ல நீட்டினார்.