அனுமந்தை தாண்டி நின்றுபோன வண்டி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். பத்தாவதோடு படிப்பும் நின்றுவிட்டது. அழகாக எழுதுகிறவர்களுக்கு நடுவில் நானும் எழுத வந்ததற்குப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுங்கள்.

2006-ம் வருஷம், சித்திரை மாதம். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலையில் இட்லியும் கூழும் கொண்டுபோய் விற்பதுதான் என் பிழைப்பு. ரொம்ப நாள் தலையில் சுமந்தே போனேன். குயிலாப்பாளையம் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா சத்தமே இல்லாமல் பேட்டரி ஸ்கூட்டரில் போவதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். அந்தப் பொங்கலுக்கு ஒன்று வாங்கிவிட்டேன்.

உப்பளத்துக்குப் போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர்கூட ஆகாது. ராத்திரி சார்ஜ் போட்டால் போதும். ஆனால் என் கொழுந்தனார் பார்க்கும்போதெல்லாம், "ஏன் அண்ணி, இது பாண்டிக்குப் போவுமா?" என்று கேட்டுச் சிரிப்பார். ஊரில் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். நான் பாண்டிக்குப் போவது வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவைதான். இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்குக் குத்தலாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில் என் மகளுக்கு ஏழாம் மாசம். கோட்டக்குப்பம் பக்கத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. தாய் வீட்டுச் சோறு போய்ச் சேர்ந்த பிறகுதான் வளையல் அடுக்குவார்கள். நல்ல நேரம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. வீட்டுக்காரர் சொந்தக்காரர்களோடு முதல் பஸ்ஸில் போய்விட்டார். சோற்றைக் கொண்டுபோகக் கொழுந்தனார் டெம்போ பேசித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒரு சார்ஜுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். கோட்டக்குப்பம் முப்பது சொச்சம்தான். அங்கே போய் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

உப்பள வியாபாரத்தை முடித்து, ஐந்து வகைச் சோற்றையும் தூக்குகளில் கட்டி வண்டியில் ஏற்றிக் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. தெற்குக் காற்று எழும்பும் நேரம். அது அடித்தால்தான் உப்பு விளையும் என்று உப்பளத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் அப்படியே பழகிவிட்டது. பாண்டி ரோடு தெற்கே போகிறது, அந்தக் காற்றுக்கு எதிரேதான் போகப்போகிறேன் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அனுமந்தை வருவதற்குள் வண்டியில் சார்ஜ் தீரப்போகிற சிவப்பு விளக்கு எரிந்தது. ஊரைத் தாண்டி ஒரு சவுக்குத்தோப்பு ஓரமாக வண்டி நின்றேவிட்டது. கை காட்டினேன், பஸ் எதுவும் நிற்கவில்லை. சோற்றோடு நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

மீன் கூடையோடு ஆட்டோவுக்காக நின்ற ஓர் அம்மா பக்கத்தில் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"கரண்டு வண்டின்னா கரண்டு போட்டா ஓடப்போவுது. அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்கள்.

தோப்புக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. ரெண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே சார்ஜ் போட்டோம். அது ஏற சாயங்காலம் ஆகிவிடும் என்றேன். அவர்கள் போகும் மீன் ஆட்டோ கோட்டக்குப்பம்தான் போகிறதாம். சோற்றோடு என்னையும் அதில் ஏற்றிக்கொண்டார்கள்.

"சோத்த நல்லா மூடிக்க. ஏழாம் மாசக்காரி மீன் கவுச்சி பட்டா ஓடிப்பூடுவா."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வழியில் கொழுந்தனாரின் கேள்வியைப் பற்றிச் சொன்னேன். இந்த வண்டி வாங்கியதே தப்போ என்றும் கேட்டுவிட்டேன். அவர்கள் யோசிக்கக்கூட இல்லை.

"எங்க ஊட்டுக்காரரு தெனம் கட்டுமரத்துலதான் போறாரு. ஆழத்துக்குப் போவணும்னா அடுத்தவங்க போட்ல ஏறிக்குவாரு. அதுக்காவ கட்டுமரத்த வித்துடுவமா?"

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஆட்டோ மகள் வீட்டு வாசலில் நின்றது. சம்பந்தியம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டே தூக்குகளை வாங்கி உள்ளே வைத்தார்கள். மகள் மட்டும் என்னை முகர்ந்து பார்த்து, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஓடவில்லை. மீன்கார அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். வியாபாரம் கெட்டுவிடும் என்று வரவில்லை. ஒரு தூக்கு புளிச்சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து அந்தச் சவுக்குத்தோப்பு ஓரம் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனேன். வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது. புளிச்சோறு தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஊருக்குத் திரும்பும்போது அதே தெற்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு எது வாங்கினாலும், எப்போதோ ஒரு நாளைக்கு வேண்டும் என்று யோசித்து நான் கலங்கியதில்லை. தினப்படிக்கு வேண்டியது என் கையில் இருக்கிறது, அந்த ஒரு நாளைக்கு யாராவது பக்கத்தில் இடம் கொடுப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வளைகாப்புக்கு மறுநாள் காலை அதே வண்டியில் உப்பளத்துக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனேன். பத்து மணிக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது.