தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு விண்ணப்பம்

ஊராட்சி மன்றத்தின் தண்ணீர்ப் புகார் முகப்பில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். சட்டத்தை மாற்றியபோது அந்த முகப்பையே மூடினார்கள். தெருக்குழாய் இனி தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு, மாடிக் குடியிருப்பின் தொட்டியும் பம்பும் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் பொறுப்பு, மன்றத்துக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் வந்தவர்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் என் கடைசி வேலை. சிரித்த முகத்தோடு அனுப்பினேன் என்று நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

எங்கள் மாடிக் குடியிருப்பின் பம்பு எரிந்தபோது நிர்வாகக் குழு என்று ஒன்று இல்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் சேராமல் எப்போதோ கலைந்துவிட்டது. நானும்தான் போகவில்லை. தண்ணீர் நிறுவனம், மீட்டர் வரைதான் தன் பொறுப்பு என்றது. மன்றத்தில், என் பழைய பதிலை, நான் பழக்கிவிட்ட பெண்ணே எனக்குச் சொன்னாள்.

மற்றவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் கதை வேறு. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு நாளைக்கு நான்கு முறை வீட்டிலேயே மருந்துத் திரவத்தை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு முன் ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். வாளித் தண்ணீர் கூடாது, கிருமி போனால் உயிருக்கே ஆபத்து என்று தாதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தோம். மூன்றாம் நாள் பக்கத்துக் கடைகளில் பாட்டிலே இல்லை. வாளியில் கிடந்த பழைய தண்ணீரைக் குவளையால் ஊற்றினேன்.

அப்போதுதான் தண்ணீர்ப் பந்தல் விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. புதுச் சட்டம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாலும் திருவிழாப் பந்தல்களுக்கு லாரியில் தண்ணீர் அனுப்புவதை மன்றத்திடமே விட்டிருந்தது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள்தான். எங்கள் குடியிருப்பு இரதம் போகும் வழியில் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர்ப் பந்தல் என்று பொய்யாக எழுதிக் கொடுத்தேன். வீட்டில் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று எழுதியிருந்தால் ஒரு சொட்டு வந்திருக்காது.

மறுநாள் காலையே லாரி வந்தது. வாளிகளோடு குடியிருப்புச் சனம் மாடியிலிருந்து இறங்கியது. கூட வந்த அதிகாரி குழாயைத் திறக்கவில்லை.

“பந்தல் எங்கக்கா? ஒரு சாமி படம்கூட இல்ல. போட்டோ எடுத்து அனுப்பணும்லா, இல்லாட்டி லாரிய திருப்பச் சொல்லிருவாங்க.”

கெஞ்சிப் பார்த்தேன். அவரும் சம்பளக்காரர்தான். தார்ப்பாயைக் கட்டி, மேசை போட்டு, பக்கத்து வீட்டு முருகன் படத்தை வைத்து, ரோட்டில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். தாகமில்லை என்று சொன்ன சீன மாதுவையும் விடவில்லை. படம் எடுத்து முடிய ஒரு மணி நேரம் ஆனது.

பந்தலுக்கென்று லாரியில் வந்த பீப்பாய் ஒன்றின் அடியில் குழாய் இருந்தது, திறந்தால் ஓடும் தண்ணீர். அதை நிரப்பி லிஃப்டில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“நேரமாயிருச்சு. நானே செஞ்சிட்டேன்” என்றார்.

வயிற்றிலிருந்து இறக்கிய திரவம் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் உள்ளே கிருமி என்று தாதி சொல்லியிருந்தார். காலடியில் கிடந்த பை கஞ்சித் தண்ணீராகக் கலங்கியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

“தண்ணி வந்துருச்சா?”

வந்துவிட்டது என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன், பீப்பாயின் குழாயைத் திறந்து அவருடைய கைகளைக் கழுவிவிட்டேன்.