கொல்லிமலையில் சிலேட்டுப் பிடித்தவர்கள்

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: மாணவர் நம்மைக் "கண்ணு" என்று கூப்பிடுவார், நாம் அவரை முட்டி போடச் சொல்ல முடியாது. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

என் வீட்டுக்காரர் காட்டிலாகாவில் காவலர். அவருக்கு மாற்றலாகி, கைக்குழந்தையோடு கொல்லிமலை வாழவந்தி நாட்டுக்கு மலையேறினேன். ஐந்தாவது வரை படித்தவள் என்று தெரிந்ததும், எழுத்தறிவு இயக்கத்தார் ஒரு மூட்டைச் சிலேட்டையும் பாடப் புத்தகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை. தினை அறுப்பு முடிந்ததும் மேற்பார்வை ஐயா வருவார். அவர் கைகாட்டுகிற ஆள் ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். படிக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள், சிலேட்டெல்லாம் வேறு ஊருக்குப் போய்விடும்.

வால் எங்கே?

முதலில் வந்து உட்கார்ந்தவர் ஆடு மேய்க்கும் கரியப்பண்ணன். அண்ணன் என்றேனே தவிர, என் அப்பா வயது. "கொ" எழுதக் கற்றுக் கொடுத்தேன். முன்னால் கொம்பு, நடுவில் கானா, பின்னால் கால் என்று எழுதிக் காட்டினேன். அவர் சிலேட்டை நேராகப் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "கொம்பு இருக்குது, காலு இருக்குது. வாலு எங்க கண்ணு?"

இந்த எழுத்துக்கு வால் கிடையாது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். ஆனால் ஒன்று, அன்றிலிருந்து அவர் கொம்பை இடம் மாற்றிப் போட்டதே இல்லை. வேறு யாராவது பின்னால் போட்டுவிட்டால், நான் வாய் திறப்பதற்குள் அவரே அதட்டுவார்: "முட்டற பக்கம் எதுன்னு தெரியாதவனெல்லாம் ஆட்டை வெச்சுக்கிட்டு என்னத்தடா பண்றீங்க?"

கிளிக்குப் பாடம்

தினை முற்றியதும் வகுப்பு காலி. எல்லோரும் பரண்மேல் ஏறிக் கிளி விரட்டப் போய்விட்டார்கள். நானும் விடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காடு காடாகப் போய், "எப்படியும் கத்தத்தானே போறீங்க, அதைப் பாடமாக் கத்துங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்கள். ஒரு பரணிலிருந்து "ஆனா" என்று குரல் கிளம்பினால், அடுத்த பரணிலிருந்து "ஆவன்னா" என்று பதில் வரும். கிளிகளுக்கு ஈயன்னா வரைக்கும்கூடப் பொறுமை இல்லை.

கொஞ்ச நாளில் பள்ளத்துக் காட்டுக்காரர் ஒருவர் மூச்சிரைக்க மேலேறி வந்தார். "வாத்தியாரம்மா, உங்க பாடத்துக்குப் பயந்த கிளியெல்லாம் எங்க காட்டுல வந்து எறங்குதுங்க. எங்களுக்கும் ரெண்டெழுத்துச் சொல்லிக் குடுங்க, நாங்க அடுத்த காட்டுக்குத் தள்ளி உட்டுக்கறோம்."

பால் தந்தது யார்?

அறுப்பு முடிந்தது. மேற்பார்வை ஐயா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அவர் கைகாட்டியது பொன்னியை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வகுப்பிலேயே தடங்கலில்லாமல் படிக்கிறவள் அவள்தான். ஆனால் அவர் பிரித்துக் கொடுத்த பக்கத்தில் "வெள்ளைப் பசு பால் தரும்" என்று இருந்தது. பொன்னியின் புருஷன் பெயரோ வெள்ளையன். இங்கே பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள்.

பொன்னி கணீரென்று படித்தாள்: "எங்கூட்டுக்காரரு பசு பால் தரும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பின்னால் நின்ற வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டான். ஐயா மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் வீட்டுக்காரரே வந்து நின்றார். "இந்தம்மா படத்தைப் பார்த்து எதையோ சொல்லுது, எழுத்துத் தெரியலை" என்றார் ஐயா. "அது அவங்க வீட்டுக்காரர் பேருங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "படிக்கத் தெரியாத எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, சிலேட்டுகளை மூட்டை கட்டச் சொன்னார். நானும் கட்டினேன்.

பொன்னி மூட்டையிலிருந்து ஒரு சிலேட்டை உருவினாள். அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, பலப்பத்தை அழுத்தி, "வெள்ளையன்" என்று முழுசாக எழுதி, ஐயாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் சிலேட்டைப் பார்த்தார், பின்னால் நின்றவனைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். "அப்படியென்றால் எழுதலாமா அம்மா?" என்று கேட்டார்.

"வாயிலதானுங்க சொல்லக்கூடாது. கையில எழுதக்கூடாதுன்னு ஆரும் சொல்லலீங்களே."

சிலேட்டுகள் மலையிலேயே தங்கிவிட்டன. ஆனால் இப்போது வருகிற பெண்கள் ஆனா ஆவன்னாவுக்கு முன்னால் வீட்டுக்காரர் பேரைத்தான் எழுதித் தரச் சொல்கிறார்கள், சண்டை வந்தால் எச்சில் தொட்டு அழித்துக்கொள்ளலாமாம்.