இரண்டாவது பேட்டரி

“பதினொண்ணு புள்ளி எட்டு சார்” என்று தெருவில் நின்ற கேரவனின் வாசலிலிருந்து அதன் டிரைவர் குரல் கொடுத்தார். நான் முதல் மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவே இடுப்பளவு மழைத் தண்ணீர். அதற்கு மேலே, வண்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இழுத்துக் கட்டிய ஒரு கறுப்பு வயர். வயரின் இந்த முனையில் அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்த முனையில் ஒரு பேட்டரி காலியாகிக்கொண்டிருந்தது. வோல்ட் இறங்க இறங்க அவர் எண்ணைச் சொல்வார், நான் தலையாட்டுவேன். பதினான்கு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவனுக்கு அன்றைக்குச் செய்யத் தெரிந்தது அந்தத் தலையாட்டல் மட்டும்தான்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே, காலி மனையின் சுவரை ஒட்டி அந்த கேரவன் நிற்கும். பூந்தமல்லிப் பக்கம் நடக்கும் சினிமா ஷூட்டிங்குகளுக்கு வாடகைக்குப் போகும் வண்டி. நடிகர்கள் மேக்கப் போடவும் படுக்கவும் உள்ளே எல்லா வசதியும் உண்டு. அதை ஓட்டுபவரைத் தெருவே கேரவன்காரர் என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு பேட்டரிகளையும் பார்ப்பார். மூடிகளைக் கழற்றி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், டெர்மினலில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பை வெந்நீர் விட்டுத் தேய்த்து வாஸ்லின் தடவுவார். பிறகு கற்பூரம் காட்டுவார். ஒரு முறை பால்கனியிலிருந்து அப்பா, “ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு பேட்டரி?” என்று கேட்டதற்கு, “மொத பேட்டரி வண்டி ஸ்டார்ட் ஆவுறதுக்கு பெரியவரே. ரெண்டாவதுதான் நமக்கு. லைட்டு, ஃபேனு எல்லாம் அதுல. இதுல அத கலக்கக் கூடாது, கலந்தா ரெண்டும் போயிடும்” என்றார். அப்பா அதை என்னிடம் பெரிய விஷயமாகச் சொன்னார். அந்தத் தெருவில் அப்பாவுக்கு அவரை விட்டால் பேச்சுத்துணை இல்லை.

ஷூட்டிங் இல்லாத நாட்களில் பேட்டரி இறங்காமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வண்டியை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓடவிடுவார். இன்ஜின் ஓடினால் முதல் பேட்டரி நிரம்பி, அப்புறம் இரண்டாவதும் நிரம்புமாம். எனக்கு அதெல்லாம் எதற்கு? எனக்குத் தெரிந்ததெல்லாம் வாரத்தில் ஒரு நாள் தூங்கவிடாத சத்தமும், பால்கனிக்கு ஏறிவரும் டீசல் புகையும்தான். அப்பாவுக்கு நூற்பாலையில் முப்பது வருடம் பஞ்சை இழுத்து இழுத்துக் கெட்டுப்போன நுரையீரல். புகை வந்தால் இருமுவார். அந்த மழைக்கு ஒரு மாதம் முன்னால் தெரு வாட்ஸ்அப் குழுவில், வீட்டில் மூச்சுத்திணறல் உள்ள நோயாளி இருக்கிறார், குடியிருப்புப் பகுதியில் இப்படிப் புகை விடுவது சரியா என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். குழுவின் செயலாளர் போய் அவரிடம் சொன்னார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லையாம். “பேஷண்ட் கீறாங்கன்னா செரி சார்” என்றாராம். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறுகளும் தெரு அமைதியாக இருந்தது. “என்னல, அந்த வண்டி சத்தத்தையே காணோம்?” என்று அப்பா கேட்டார். தெரியவில்லை என்றேன். எழுதியது அப்பாவுக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை அது, மீதி என் தூக்கம்.

டிசம்பரில் மழை விடாமல் கொட்டியது. முதல் நாள் விடியும்போதே கரன்ட் இல்லை. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் கீழே மாடிப்படிக்கு அடியில் இருந்தது, தண்ணீரில் மூழ்கிவிட்டது. ஆனால் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிரப்பி வைத்திருந்தோம். அப்பாவுக்கு அதை மாட்டினோம். சாயங்காலத்துக்குள் இன்னொன்று கொண்டுவருவதாக சிலிண்டர்காரர் போனில் சொன்னார், நம்பினேன். கேரவன்காரரோ விடியற்காலையிலேயே இரண்டு பேட்டரிகளையும் கழற்றி, கதாநாயகிகள் உட்காரும் கண்ணாடிக்கு முன்னால் மேக்கப் மேசையில் தூக்கி வைத்துவிட்டார். சைலன்சருக்குள் தண்ணீர் போய்விட்டதால் இனி வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது, ஜெனரேட்டரும் முங்கிவிட்டது. இருக்கிற சார்ஜ்தான் இருப்பு. இரண்டாவது பேட்டரியில் வண்டியின் இன்வெர்ட்டரை மாட்டி, தெருக்காரர்கள் போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார், ஆளுக்குக் கால் மணி நேரம். நான் லேப்டாப்பைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனேன். “ஆபீஸ் வேலையா? ஒக்காருங்க சார்” என்று ஏசி ஓடாத அந்த வண்டிக்குள் இருந்த சொகுசு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். கரன்ட் இல்லை என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். வெள்ளத்திலும் லாகின் பண்ணினான் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை.

சிலிண்டர்காரர் வரவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருந்த சிலிண்டர் தீர்ந்தது. அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நான் பால்கனியில் நின்று கத்தினேன். இவ்வளவு நாள் அவரை எப்படிக் கூப்பிட்டேன் என்று யோசித்தால், நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. “அண்ணே, அப்பாவுக்கு ஆக்சிஜன் மிஷின் ஓட்டணும்ணே” என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஷூட்டிங் லைட்டுக்கு இழுக்கும் நீள வயரைச் சுருளோடு தோளில் மாட்டிக்கொண்டு வண்டிக் கூரைமேல் ஏறி, முனையில் கயிறு கட்டி வீசினார். மூன்றாவது வீச்சில் பிடித்தேன். மிஷின் ஓடத் தொடங்கியதும் அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள்.

பேட்டரி நிறைந்திருந்தால் நாலைந்து மணி நேரம் தாங்கும் என்றார். ஒன்றரை மணி நேரத்தில் பதினொண்ணு புள்ளி எட்டு, பிறகு பதினொண்ணு புள்ளி நாலு. உதவி எண்கள் எல்லாம் பிஸியாக இருந்தன, எடுத்த ஒரே ஒருவரும் முகவரியை எழுதிக்கொண்டதோடு சரி. “அவரு என்னல சொல்லிக்கிட்டே இருக்காரு?” என்று அப்பா கேட்டார். “சார்ஜ் நெறைய இருக்குன்னு சொல்றாருப்பா” என்றேன். பதினொரு மணிக்கு மேல் மிஷின் கீச்சிட்டு நின்றது. நான் பால்கனிக்கு ஓடுவதற்குள் அவர் மேசைக்கு முன்னால் குனிந்து வயரை மாற்றிக்கொண்டிருந்தார். அது முதல் பேட்டரி, வண்டிக்கு என்று வைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். “இன்னிக்கு மொத பேட்டரியும் நமக்குத்தான் சார்” என்றார்.

அது ஒரு மணிக்கு நின்றது. அவர் வண்டியிலிருந்து இறங்கி, மெயின் ரோட்டில் போட் வருகிறதாம், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மார்பளவு தண்ணீரில் நடந்து போனார். அப்புறம் ஒரு மணி நேரம். அப்பா தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகள் நீலமாகிக்கொண்டு வந்தன. மனைவி பேப்பரை மடித்து விசிறினாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவுவதால் மூச்சு வராது என்று தெரியும், கையை எடுக்கப் பயமாக இருந்தது. மீனவர்களின் படகு வந்தபோது அப்பாவுக்கு நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார், கண் திறக்கவில்லை. கடைசி ஒரு மணி நேரம் ஆக்சிஜன் கிடைத்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இன்றுவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கேரவன்காரர் வந்தார். சாப்பிடச் சொன்னேன், உட்காரவே தயங்கினார். அவரைத் தனியே கூப்பிட்டு, முதல் நாள் என் லேப்டாப் இழுத்த சார்ஜ் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரோ என்று கேட்டேன். யாரிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “லேப்டாப்பு இன்னா சார் பெரிசா இழுத்துடும்? தப்பு என்னுது. ஷூட்டிங்கும் இல்ல, ஒரு மாசமா வண்டிய ஸ்டார்ட் பண்ணாம உட்டுட்டேன். ரெண்டு பேட்டரியும் அர வயிறாத்தான் இருந்துச்சு. எங்கனா தள்ளி எடுத்துனு போயாவது ஓட்டியிருக்கணும். மன்னிச்சிக்கோங்க சார்” என்றார். ஏன் ஸ்டார்ட் செய்யவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், இலை போட்டாயிற்றா என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

வண்டி இப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறது. பேட்டரி இரண்டும் புதுசு. ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் எழுந்திருக்கும் முன் மெதுவாக வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போகிறார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புகிறார். போன வாரம் கீழே இறங்கிப் போய், “இங்கேயே ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்கண்ணே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. அவர் கதவைச் சாத்திக்கொண்டே, “இருக்கட்டும் சார். யார் ஊட்லனா பேஷண்ட் இருப்பாங்க” என்றார். எங்கள் தெருவில் இப்போது அப்படி யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.